தோட்டா சுமந்த குரலும் தூய்மை கேட்கும் செவிகளும்

மன்னார்புரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை நாங்கள் கூடுவது வழக்கம். ஏழெட்டுப் பேர். ஒரு மாதம் சிறுகதை, மறுமாதம் கவிதை, எப்போதாவது இசை. சென்ற கூட்டத்திற்குக் கத்தரை எடுத்துக்கொண்டோம். 1913இல் அமெரிக்க மண்ணில் தோன்றிய கதர் கட்சியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட, கும்மடி விட்டல் ராவ் என்ற இயற்பெயரை அநேகமாக எல்லோரும் மறந்துவிட்ட, தெலங்கானாவின் மக்கள் பாடகர் அவர். 2023 ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார். முதலில் அவரது பழைய ஒலிநாடாக்களிலிருந்து சில பாடல்களைக் கேட்டோம். பின்னர், கடைசிப் பத்தாண்டுகளில் பொதுக்கூட்ட மேடைகளில் அவர் பாடியபோது யார் யாரோ எடுத்துவைத்த பதிவுகளுக்கு வந்தோம். இரண்டாவது பதிவு பாதி ஓடியிருக்கும். “போதும், நிறுத்துங்கள். இது அவரில்லை. பழையதையே போடுங்கள்” என்றார் ஒருவர். நிறுத்தப்பட்டது. எங்களில் யாரும் மறுக்கவில்லை.

அந்த மௌனத்துக்கான பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறோம். அன்று நிறுத்தச் சொன்னவர் இதன் எதிராளி அல்லர்; அவர் சொன்னது எங்கள் எல்லோருடைய மனத்திலும் இருந்ததுதான். இலக்கிய வாசகர் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் தமிழர் பலரிடமும் அது இருக்கிறது. ஒரு கலைஞன் உச்சத்தில் நின்ற கணத்தைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு அவன் உயிரோடிருந்ததையே ஒரு பிழையாகக் கருதும் மனநிலை அது. எங்கள் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். முதிர்ந்த, இளைத்த, பலரின் பார்வையில் ‘வீழ்ந்த’ கத்தரின் அந்த மேடைப் பதிவுகள் அவரது கலைக்கு வெளியே கிடக்கும் சிதறல்கள் அல்ல. அவரது கலை என்னவென்று நமக்கு மிகத் தெளிவாகச் சொல்பவை அவையே. அவற்றைக் கேட்க மறுப்பதன் மூலம் நாம் அவருடைய அரசியலை விமர்சித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம் சௌகரியத்தைத்தான் காப்பாற்றிக்கொள்கிறோம்.

*

அறியாதவர்களுக்காகச் சில தகவல்கள். கத்தர் 1949இல் மேதக் பகுதியின் தூப்ரானில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் படிப்பை இடையில் விட்டவர். 1972இல் உருவான ஜன நாட்டிய மண்டலியின் குரலாகவும் முகமாகவும் ஆனவர். 1975இல் வங்கியொன்றில் வேலைக்குச் சேர்ந்து, 1984இல் அதை உதறினார். ‘மா பூமி’ திரைப்படத்தில், தெலங்கானா ஆயுதப் போராட்ட காலத்தைச் சேர்ந்த பண்டி யாதகிரியின் பாடலைப் பாடித் திரையிலும் தோன்றினார். 1985 ஜூலையில் காரம்சேடுவில் தலித்துகள் படுகொலை செய்யப்பட்டதற்கு எதிராகக் குரல் கொடுத்தார், அதையொட்டித் தலைமறைவானார். 1990இல் வெளியே வந்து, ஹைதராபாத் நிஜாம் கல்லூரித் திடலில் பெருந்திரள் முன் பாடினார். 1997 ஏப்ரல் 6 அன்று, அவர் வீட்டிலேயே, அடையாளம் தெரியாதவர்கள் அவரைச் சுட்டனர். இது அரசு ஏவிய தாக்குதல் என்று அவரும் தோழர்களும் குற்றஞ்சாட்டினர். உடலில் பாய்ந்த தோட்டாக்களில் ஒன்றை மருத்துவர்கள் அகற்றவில்லை. முதுகெலும்பருகே இருந்த அதை எடுப்பது உயிருக்கே ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். அந்த ஈயத்துண்டைச் சுமந்துகொண்டே அவர் இருபத்தாறு ஆண்டுகள் பாடினார், ஆடினார்.

‘ஆடினார்’ என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்று மார்பு, இடுப்பில் வேட்டி, தோளில் ஆட்டுமயிர்க் கம்பளி, காலில் சலங்கை, கையில் கோல். தெலங்கானாவின் ஆட்டிடையனும் கூலிக்காரனும் கூத்துக்காரனும் ஒரே உடம்பில் வந்து நிற்கும் கோலம். ஒரு காலை ஊன்றி மறுகாலை உதறி அவர் எழும்பும் அந்த அசைவு ஒவ்வொன்றும் முதுகெலும்பின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். நாம் நிறுத்தச் சொன்ன பதிவுகளில் அந்த அசைவு குறைந்திருக்கிறது. வரிக்கு நடுவே மூச்சு வாங்குகிறார். பாட வேண்டிய இடத்தில் பேசுகிறார். உச்சத்துக்கு ஏற வேண்டிய அடியைப் பாதியில் விட்டுவிட்டுக் கோலை உயர்த்துகிறார்.

இதைக் கேட்டுத்தான் “குரல் போய்விட்டது” என்றோம்.

*

குரல் போய்விட்டது என்று சொல்வதற்கு எந்த அளவுகோலைக் கையில் எடுத்தோம் என்று பின்னர் யோசித்தோம். அது ஒலிப்பதிவுக் கூடத்தின் அளவுகோல். குரல் தனியே, தாளம் தனியே, எல்லாம் துலக்கித் துடைத்து ஒட்டவைக்கப்பட்ட பண்டம் ஒன்று நம் செவிகளைப் பழக்கி வைத்திருக்கிறது. அந்தப் பண்டத்தில் பாடகன் முழுமையாக இருக்க வேண்டும். ஏனெனில் அங்கே அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

கத்தர் வந்த மரபில் பாடகன் ஒருபோதும் முழுமையாக இருந்ததில்லை. புர்ரகதையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே கதைசொல்லி, இருபுறமும் துணைப்பாடகர்கள் இருவர். ஒருவர் நகைச்சுவையைத் தூக்கிப் பிடிப்பார். மற்றவர் நடப்பு அரசியலைக் கோத்துவிடுவார். கதைசொல்லி விட்ட அடியை அவர்கள் ஏந்திக்கொள்ள வேண்டும். 1940களில் ஷேக் நாசர் போன்றவர்கள் கம்யூனிஸ்ட் மேடைகளில் இந்த வடிவத்தைக் கையாண்டபோதும் இதுவே அதன் இலக்கணம். மல்லண்ணனின் கதையைச் சொல்லும் ஒக்கு கதையிலும் தாளக்காரரும் பின்பாட்டுக்காரரும் இல்லாமல் கதை நகராது. நமக்கும் இது அந்நியமன்று. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடாவிட்டால் புலவர் அடுத்த வரிக்குப் போக முடியாது. இழவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால், அவள் தொண்டை அடைக்கும் இடத்தில் அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். ‘அவளுக்குக் குரல் போய்விட்டது’ என்று எந்த இழவு வீட்டிலும் யாரும் எழுந்து போனதில்லை.

எங்களில் ஒருவருக்கு வீட்டு மொழி தெலுங்கு. திருச்சியில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பேசப்படும் அந்தத் தெலுங்கை வைத்துக்கொண்டு கத்தரின் தெலங்கானாப் பேச்சை அவரால் பாதிதான் பிடிக்க முடிந்தது. ஆனாலும் நாங்கள் கவனிக்காத ஒன்றை அவர்தான் கவனித்திருந்தார். மேடையில் கத்தர் விட்டுவிடும் வரிகள் பதிவில் இல்லாமல் போகவில்லை. அவை கூட்டத்திலிருந்து வருகின்றன. ஒலிவாங்கிக்குத் தொலைவில், காற்றடிக்கும் இரைச்சலுக்குப் பின்னால், நூற்றுக்கணக்கானவர்கள் அந்த அடியைப் பாடி முடிக்கிறார்கள். கோலை அவர் உயர்த்துவது அதற்காகத்தான். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒருவரின் குரலை மட்டும் என்பதால், அது ஓய்ந்த இடத்தில் பாட்டும் ஓய்ந்துவிட்டதாக எங்களுக்குத் தோன்றியது.

அந்தப் பழைய ஒலிநாடாக்களை இப்போது திரும்பக் கேட்டால், அவற்றில்தான் ஏதோ குறைவதாகப் படுகிறது. குரல் வெண்கலம், தப்பு அதிர்கிறது, சொல் ஒவ்வொன்றும் தெளிவு. எல்லாம் இருக்கிறது, ஊர் இல்லை. இளமையில் அவருடைய குரலின் வலிமை அந்தப் பங்காளிகளை மறைத்திருந்தது. முதுமையில் குரல் இறங்கியபோது அவர்கள் வெளியே தெரிகிறார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரு பாட்டு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன வேண்டும்? நாட்டுப்புற வடிவத்தில் பாட்டெழுதிப் பாடுபவனின் வெற்றி, தான் இல்லாமலும் அது பாடப்படுவதில் இருக்கிறது. அந்தக் கைமாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பதிவானவை இவை.

*

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. குரலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு திரைதான். அதன் பின்னால் இருப்பது, “அவர் மாறிவிட்டார்” என்பது.

மாறினார். மறைக்க ஏதுமில்லை. 2010களில் மாவோயியத்திலிருந்து விலகினார், அம்பேத்கரைப் பேசினார். 2017இல் கோயில்களுக்குச் சென்று வழிபட்டது செய்தியானது. தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லிப் பாடிய இயக்கத்தின் பாடகர், 2018இல் வாழ்க்கையில் முதன்முறையாக வாக்களித்தார். 2023இல் தம் பெயரிலேயே ஒரு கட்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 2 அன்று கம்மம் பொதுக்கூட்ட மேடையில் ராகுல் காந்தியைக் கட்டித் தழுவி முத்தமிட்டார். ஐந்து வாரங்களில் இறந்துபோனார்.

இந்த முடிவுகளில் எதையும் நியாயப்படுத்துவது எங்கள் நோக்கமன்று. எங்களுக்குள்ளேயே இவற்றில் கருத்தொற்றுமை கிடையாது. அன்றைய கூட்டத்தில் நண்பர் ஒருவர் வைத்த வாதம் கடுமையானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவர் சொன்னது இது: “கத்தர் வெறும் பாடகர் அல்லர். அவர் பாட்டைக் கேட்டு இளைஞர்கள் காட்டுக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. உயிரைக் கேட்ட பாட்டு அது. உயிரைக் கேட்டவன் பின்னாளில், ‘நான் மனத்தை மாற்றிக்கொண்டேன்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவனைக் கணக்குக் கேட்காமல் பாட்டை மட்டும் ரசிப்போம் என்றால், பாட்டு கேளிக்கையாகிவிடும்.”

இதன் முதற்பாதியை நாங்கள் ஏற்கிறோம். பாட்டுக்குப் பொறுப்பு உண்டு. இந்த வகைப் பாட்டுக்கு மிகுதியாகவே உண்டு. ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உண்டு. கூடச் சென்று சிறையில் கிடந்து திரும்பிய தோழனுக்கு உண்டு. மேடையில் பக்கவாட்டில் நின்று தப்படித்துப் பின்னர் காணாமற்போன கலைஞனின் குடும்பத்துக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில், மின்விசிறியின் கீழ், தேநீர்க் குவளையோடு அமர்ந்திருந்த எங்களுக்கு அது எவ்வாறு வந்தது? எங்களில் எவரும் அந்தப் பாட்டைக் கேட்டு எங்கும் போகவில்லை. ஒரு நாள் விடுப்புகூட எடுக்கவில்லை. வேறொருவர் தம் உடம்பை வைத்துச் செய்த தீவிரத்தை ஒலிநாடாவில் வாங்கி நுகர்ந்தோம். அவர் அதிலிருந்து இறங்கியபோது, விற்ற பொருளில் கலப்படம் இருப்பதாகப் புகார் சொல்லும் வாடிக்கையாளராக மாறிவிட்டோம். தூய்மைவாதம் என்று நாம் கௌரவமாக அழைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வாடிக்கையாளர் மனநிலையே.

நண்பரின் வாதத்துக்கு எங்களிடம் வேறொரு பதிலும் உண்டு. கணக்குக் கேட்பதாக இருந்தால் முழுதாகக் கேளுங்கள். இறந்தவர்களுக்காக அவர் பாடிய இரங்கற்பாடல்கள் எத்தனை! உடன் பாடியவர்களை ஒவ்வொருவராகப் புதைத்துவிட்டு வந்து பாடியவர் அவர். 2002இலும் 2004இலும் அரசுக்கும் நக்சலைட் இயக்கத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தை முயற்சிகளில் தூதராக நின்று, அவை முறிந்ததையும் பார்த்தவர். அவ்வளவுக்கும் பிறகு ஒரு மனிதன் அறுபத்தைந்து வயதில் மேடையேறிப் பாடும்போது, அவனுடைய தயக்கமும் தடுமாற்றமும் மூச்சுத் திணறலும் அந்தக் கணக்கின் பக்கங்கள்தாம். அவற்றை வாசிக்க மறுத்துவிட்டு, ‘கணக்குக் காட்டவில்லை’ என்பது என்ன நியாயம்?

*

இது தெலங்கானாவுக்கோ நமக்கோ மட்டும் உரிய நோயன்று. அமெரிக்க நாட்டார்ப் பாடல் இயக்கத்தைச் சேர்ந்த ஃபில் ஓக்ஸின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. வியட்நாம் போருக்கு எதிராக எழுதிப் பாடிப் புகழடைந்தவர். 1968 சிகாகோ நிகழ்வுகளுக்குப் பிறகு மனமுடைந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் கவர்ச்சியும் சே குவேராவின் அரசியலும் ஒன்றுசேராமல் அமெரிக்காவில் எதுவும் நடக்காது என்று நம்பத் தொடங்கினார். 1970 மார்ச் 27 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில், எல்விஸின் பாணியில் தைக்கப்பட்ட தங்கநிற உடையணிந்து மேடையேறினார். எல்விஸின் பாடல்களையும் பட்டி ஹாலியின் பாடல்களையும் பாடினார். போர் எதிர்ப்பாளர்களைக் கேலி செய்வதாகக் கருதப்பட்ட மெர்ல் ஹேகர்டின் பாடலொன்றையும் பாடினார். அரங்கிலிருந்து கூச்சல் கிளம்பியது. பழைய போராட்டப் பாடல்களைக் கேட்டார்கள். அவர் மேடையிலிருந்தே அவர்களோடு வாதாடினார்.

அந்த நிகழ்ச்சியின் பதிவு ‘கன்ஃபைட் அட் கார்னகி ஹால்’ என்ற பெயரில் சில ஆண்டுகள் கழித்தே, அதுவும் முதலில் கனடாவில் மட்டும், இசைத்தட்டாக வெளிவந்தது. 1973இல் தான்சானியாவில் வழிப்பறிக்காரர்கள் கழுத்தை நெரித்ததில் குரல்வளை சேதமடைந்தது. குடியும் மனநோயும் முற்றின. 1976 ஏப்ரலில், முப்பத்தைந்து வயதில், தற்கொலை செய்துகொண்டார்.

அந்த இசைத்தட்டில் கூச்சலை வெட்டியெறியாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே அதன் மதிப்பு. பாடகனும் கேட்போரும் ஒருவரை ஒருவர் இழந்துகொண்டிருக்கும் நேரம் அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. தங்கநிற உடை நல்ல யோசனைதானா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் இன்று அதைக் கேட்கும்போது நமக்குக் கூச்சமளிப்பது அவர் பாடியது அல்ல. அரங்கில் எழுந்த அந்தக் கூச்சல். மன்னார்புரத்து மாடியில், “நிறுத்துங்கள்” என்ற குரல் எழுந்தபோது யாராவது பதிவு செய்திருந்தால், அதுவும் இப்படித்தான் ஒலிக்கும்.

*

தூய்மைவாதிகளைச் சாடுவதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவர்களாவோம். எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. நம் சிற்றிதழ்ச் சூழலில் அதற்குச் செல்வாக்கும் அதிகம். சிதைவின் ரசிகர்கள் என்று அவர்களை அழைக்கலாம். கலைஞன் குடித்துச் சீரழிந்தால், தெருவில் விழுந்து கிடந்தால், சித்தம் கலங்கினால், அதையே அவனுடைய மேதைமைக்குச் சான்றிதழாக எழுதித் தருபவர்கள். ஓக்ஸின் கார்னகி பதிவை அவரது மரணத்தின் முன்னறிவிப்பாகவே கேட்பவர்கள் உண்டு. கத்தரின் உடைந்த குரலை, ‘ஆகா, எவ்வளவு வலி’ என்று கண்மூடிக் கேட்கத் தயாராக இருப்பவர்களும் உண்டு. பாட்டு எதைப் பற்றியது, யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அவசியமில்லை; வலி இருந்தால் போதும். தமிழில் எத்தனை கவிஞர்களைக் குடிக்க விட்டு வேடிக்கை பார்த்து, செத்தபின் சிறப்பிதழ் போட்டிருக்கிறோம் என்பதைப் பெயர் சொல்லாமலே வாசகர் அறிவர்.

தூய்மை கேட்பவருக்குக் கலைஞன் சிலையாக வேண்டும். சிதைவை ரசிப்பவருக்கு அவன் இடிபாடாக வேண்டும். வயதான, நோய்ப்பட்ட, கருத்து மாறிய, ஆனாலும் இன்றைக்கு மாலை கூட்டத்தில் பாட வேண்டிய ஒரு மனிதன் இருவருக்குமே இடைஞ்சல்.

மூன்றாவதாக அரசு. கத்தரின் உடல் அரசு மரியாதையுடன் வழியனுப்பப்பட்டது. ‘ஒரேய் ரிக்‌ஷா’ படத்தில் அவர் எழுதிய பாடலுக்குத் தொண்ணூறுகளில் ஆந்திர அரசு நந்தி விருதை அறிவித்தபோது வாங்க மறுத்தவர் அவர். 2024இல் தெலங்கானா அரசு அந்த விருதின் இடத்தில் வைக்கும் புதிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரையே சூட்டியது. மறுத்தவரின் பெயரிலேயே விருது! இனி அதை மறுக்க அவர் இல்லை. இறந்த பாடகன் எல்லோருக்கும் வசதியானவன். அவனைச் சிலையாக்கலாம், இடிபாடாக்கலாம், விருதாக்கலாம். உயிருள்ள முதிய பாடகனின் மேடைப் பதிவு மட்டும் இவற்றுக்கு ஒத்துவராது. அதில் அவன் இருமுகிறான், வரியை மறக்கிறான், சொல்லக்கூடாததைச் சொல்கிறான்.

*

எல்லாவற்றையும் ஹைதராபாத்தையும் நியூயார்க்கையும் வைத்தே பேசிவிட்டுப் போவது எளிது. எங்கள் ஊருக்கு வருகிறோம். மன்னார்புரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை, சங்கிலியாண்டபுரம். அங்கே எம்.கே. தியாகராஜ பாகவதரின் சமாதி இருக்கிறது. அவர் நாட்டார் பாடகரும் அல்லர், பாட்டெழுதியவரும் அல்லர். ஆனால் கேட்போர் ஒரு குரலை எப்படிக் கைவிடுவார்கள் என்பதற்கு இந்த ஊர் கண்ட பெரிய உதாரணம் அவர்தான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, 1947இல் விடுதலையானார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது. ரசிகர்கள் திரும்பி வரவில்லை. ‘ராஜமுக்தி’ முதல் பின்னாளைய படங்கள் எதுவும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. 1959 நவம்பரில் மறைந்தார். இன்றும் இந்த ஊர்ப் பெரியவர்கள் பாகவதர் என்றால் ‘ஹரிதாஸ்’ வரைதான் பேசுவார்கள். பிற்காலத்துப் பாகவதரைக் கேட்டவர் யார்?

இன்னொரு பக்கம் பொன்மலை. 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ரயில்வே தொழிலாளர் ஐவர் மாண்ட மண். அங்குள்ள சங்கத் திடல் போன்ற இடங்கள்தாம் தமிழ்நாட்டில் கத்தருக்கு இணையான பாடகர்களின் அரங்குகளாக இருந்தன. அவர்களுள் தலையாயவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். ஆர்மோனியமும் கையுமாக ஊர் ஊராகச் சென்று, மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் தம் சொற்களை ஏற்றிக் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாட்டு, அந்த வெற்றியோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகிறது. அவரோடு மேடையேறிய தம்பிகளுள் ஒருவர் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவாக வெளிப்பட்டபோது, அண்ணன் உயிரோடில்லை.

வரதராசனின் குரல் எப்படி இருந்தது? தம்பிகள் சொல்லும் நினைவுகளிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் மாடியில் போட்டுக் கேட்க எங்களிடம் ஒரு நிமிடப் பதிவும் இல்லை. அவரது கடைசிக் காலத்து மேடையொன்றை, கரகரத்த குரலோடும் ஒலிபெருக்கியின் இரைச்சலோடும் எவரேனும் பிடித்து வைத்திருந்தால், இன்று அதற்காக எதையும் கொடுப்போம். ‘குரல் போய்விட்டது’ என்று நிறுத்தச் சொல்வோமா?

நாட்டார் பாடல்களை நாம் சேகரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ இருக்கிறது, நா. வானமாமலையின் தொகுப்புகள் இருக்கின்றன. அவர்கள் காலத்தில், அவர்களுக்கிருந்த வசதியில் செய்த பெரும்பணி அது. ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து கிராமம் கிராமமாக அலைந்தவர்களும் சிலர் உண்டு. ஆயினும் மொத்தத்தில் நம்மிடம் சொற்கள் சேர்ந்திருக்கும் அளவுக்குக் குரல்கள் சேரவில்லை. அச்சேறிய சொல்லை இலக்கியம் என்றும், பாடிய மூச்சை அதன் உறை என்றும் கருதும் எழுத்துக்காரர்களின் மேட்டிமைக்கு இதில் பங்கு உண்டு. நாங்களும் அந்தச் சாதியைச் சேர்ந்தவர்களே.

இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு பதிவுக்கருவி இருக்கிறது. வசதியில்லை என்ற சாக்கு செல்லாது. ஆகவே இந்தக் கட்டுரையின் முடிவில் கோரிக்கை ஒன்று வைக்கிறோம், முதலில் எங்களுக்கே. நம் ஊர்களில் முதிய பாடகர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்க மேடைகளில் பாடியவர்கள், கூத்தில் பின்பாட்டுப் பாடியவர்கள், ஒப்பாரிக்கு அழைக்கப்படுபவர்கள். அவர்கள் நன்றாகப் பாடிய காலம் முடிந்துவிட்டதாக அவர்களே சொல்வார்கள். அப்போதுதான் போக வேண்டும். அவர்களிடம் அனுமதி கேட்டு, உரிய சன்மானம் கொடுத்து, அவர்களது ஊரில், அவர்களோடு பாடுபவர்கள் நடுவில், இருமலும் பேச்சும் குழந்தையின் அழுகையும் உட்பட முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். இடம், நாள், யார் தாளம் போட்டது என்பதெல்லாம் எழுதிவைக்க வேண்டும். ஒரு படியை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர்களுடைய கட்சி எது, சாமி எது, போன தேர்தலில் யாருக்குக் கைதட்டினார்கள் என்று விசாரித்துத் தகுதிச் சான்றிதழ் வழங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கத்தரின் அதே பதிவை மறுபடியும் போடுகிறோம். தெலுங்கு தெரிந்த நண்பர் வரிக்கு வரி பொருள் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்டு முடித்தபின் கத்தரைத் திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம். அதற்காகத் தனியே நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பாதியில் நிறுத்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.